கிட், சப்வெர்ஷன் சர்வரை மாற்றினால் பழைய கிளையண்ட்கள் உடையுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஆபீஸ் சர்வரில் சென்ட்ஓஎஸ் 7, அதோடு வந்த கிட் 1.8.3.1, அதே மெஷினில் பழைய ப்ராஜெக்ட்களுக்காக சப்வெர்ஷன் 1.7 (இரண்டும் கோடின் மாற்றங்களை வரலாற்றோடு சேமித்துவைக்கும் மென்பொருள்கள்). டெவலப்பர்களின் லேப்டாப்பில் எல்லாம் புது வெர்ஷன். சர்வரைவிடவும் பழைய பில்டு மெஷின்கள் (கோடை இறக்கித் தொகுக்கும் கணினிகள்) இரண்டு மூலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றைத் தொட யாருக்கும் துணிவில்லை. இப்போது சர்வரைப் புதுசாக மாற்றப்போகிறார்கள். எது உடையும், எல்லாரையும் ஒரே நாளில் மாறச் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். ஒரே நாளில் எல்லாரும் மாற வேண்டிய கட்டாயம் கிட்டிலும் இல்லை, சப்வெர்ஷனிலும் இல்லை. ஆனால் "கிளையண்ட் வெர்ஷன் இது, சர்வர் வெர்ஷன் இது, இரண்டும் ஒத்துப்போகுமா" என்று இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யோசித்தால் தப்பான இடத்தில் பயப்படுவீர்கள், பயப்பட வேண்டிய இடத்தில் அசந்துவிடுவீர்கள். கம்பி வழியாகப் போகும் பேச்சு ஒன்று, டிஸ்க்கில் கிடக்கும் ஃபார்மேட் இன்னொன்று, கிளையண்ட் கேட்ட வாக்குறுதியை எதிர்ப்பக்கம் காப்பாற்றுகிறதா என்பது மூன்றாவது. இவற்றில் முதலாவது உடைந்து நான் பார்த்தது மிகக் குறைவு. மற்ற இரண்டும்தான் ஆளை ராத்திரி எழுப்பும்.

முதலில் பேச்சைப் பார்ப்போம். உங்கள் லேப்டாப்பில் ஜிஐடி_ட்ரேஸ்_பேக்கெட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை 1 என்று வைத்துவிட்டு அந்தப் பழைய சர்வரிடம் ஒரு ஃபெட்ச் (சர்வரிலிருந்து மாற்றங்களை இறக்குவது) போட்டுப் பாருங்கள். சர்வர் தன்னிடம் உள்ள பிராஞ்ச், டேக் எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பிக்கும். ஒவ்வொரு வரியிலும் 40 எழுத்து ஹாஷ், ஓர் இடைவெளி, பிறகு பெயர். முதல் வரியில் மட்டும் பெயர் முடிந்ததும் ஒரு பூஜ்ய பைட் வரும், அதற்குப் பிறகு மல்டி-ஆக், தின்-பேக், சைடு-பேண்ட், ஷாலோ என்று ஒரு சரம் நீளும். அந்தச் சரம்தான் சர்வருக்கு என்னென்ன தெரியும் என்ற பட்டியல்.

அது ஏன் பூஜ்ய பைட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது? லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டைத் தொடங்கியபோது புரோட்டோகாலில் வெர்ஷன் எண்ணுக்கென்று இடமே கிடையாது. அதே ஆண்டிலேயே புது வசதிகளைச் சேர்க்க வேண்டி வந்தது, ஆனால் அதற்குள் பழைய கிளையண்ட்கள் பலர் கையில் போய்விட்டன. அந்தக் கிளையண்ட்கள் சி மொழியில் எழுதப்பட்டவை, சி மொழியில் ஒரு சரம் பூஜ்ய பைட்டோடு முடிந்துவிடும். ஆக அதற்குப் பின்னால் எதை எழுதினாலும் பழைய கிளையண்ட்டின் கண்ணில் படாது, பெயரை மட்டும் படித்துவிட்டுப் போய்விடும். புது கிளையண்ட் மட்டும் அங்கே எட்டிப் பார்க்கும். பழையவர்களைத் தொந்தரவு செய்யாமல் புதியவர்களுக்கு மட்டும் ஒரு சீட்டு வைத்த மாதிரி. இருபது ஆண்டுகள் ஆகியும் இந்த ஏற்பாடுதான் ஓடுகிறது, இன்றைக்கும் நீங்கள் புஷ் செய்யும் (மாற்றங்களைச் சர்வருக்கு அனுப்பும்) ஒவ்வொரு தடவையும் இதைத்தான் பயன்படுத்துகிறீர்கள்.

இதில் விதி எளிது. சர்வர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லும், கிளையண்ட் அந்தப் பட்டியலிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளும், பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்கக் கூடாது. "நீ எந்த வெர்ஷன்" என்று ஒருவரை ஒருவர் கேட்பதே இல்லை. ஏஜென்ட் என்ற பெயரில் வெர்ஷன் எண் ஒன்று போகிறது, உண்மைதான். ஆனால் அது புள்ளிவிவரத்துக்கும் பிழை தேடுவதற்கும் மட்டுமே, அதை வைத்து ஒரு வசதி இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யக் கூடாது என்று கிட்டின் புரோட்டோகால் ஆவணமே கண்டிப்பாகச் சொல்கிறது. இது ஏன் சரியான முடிவு என்பதற்கு உங்கள் சென்ட்ஓஎஸ்ஸே சாட்சி: அதில் உள்ள 1.8.3.1 வெறும் 1.8.3.1 இல்லை, ரெட் ஹேட்காரர்கள் பாதுகாப்புத் திருத்தங்களைப் பின்னோக்கிக் கொண்டுபோய் ஒட்டியது. எண்ணைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது, கேட்டால்தான் தெரியும்.

ஹெச்டிடிபியிலும் இதே அக்கறை தெரியும். கிட் 1.6.6 வரை ஹெச்டிடிபி என்றால் சர்வர் சும்மா கோப்புகளைப் பரிமாறும், அவ்வளவுதான். அந்த வெர்ஷனில்தான் இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும் முறை வந்தது. புது கிளையண்ட் ஒரு கோப்பைக் கேட்கும்போது யூஆர்எல்லின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு இந்த சேவை வேண்டும் என்று சேர்த்துவிடும். வெறும் கோப்பு பரிமாறும் பழைய வெப் சர்வர் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதைக் கண்டுகொள்ளாமல் கோப்பை அப்படியே கொடுத்துவிடும், விஷயம் தெரிந்த சர்வர் தனி கன்டென்ட்-டைப்போடு பதில் தரும். பதிலைப் பார்த்தே கிளையண்ட் யாரிடம் பேசுகிறோம் என்று புரிந்துகொள்ளும். தோற்றுப்போய் மறுபடி முயலும் வேலையே இல்லை.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஒரு சம்பவம். இதைத் தெரிந்துகொண்டால் பழைய கிளையண்ட், பழைய சர்வர் என்பதெல்லாம் எவ்வளவு காலத்துக்குக் கூடவே வரும் என்று புரியும். 2006 செப்டம்பரில் கிட்-டீமன் என்ற சர்வருக்கு ஒரு வசதி சேர்த்தார்கள்: ஒரே சர்வரில் பல ஹோஸ்ட் பெயர்கள். அதற்காகக் கிளையண்ட்டின் கோரிக்கையில் ரெப்போவின் (கோடும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியம்) பாதை, ஒரு பூஜ்ய பைட், ஹோஸ்ட் பெயர், இன்னொரு பூஜ்ய பைட் என்று வரும். அதைப் பிரித்துப் படிக்கும் கோடில் ஒரு பிழை. ஹோஸ்ட் தவிர வேறு ஏதாவது கூடுதலாக அனுப்பினால் சர்வர் முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொள்ளும். அப்போது யாரும் கூடுதலாக எதையும் அனுப்பவில்லை, அதனால் கண்ணில் படவில்லை. 2009 ஜூனில் பிழையைத் திருத்தினார்கள். ஆனால் திருத்தாத பழைய சர்வர்கள் வெளியே ஓடிக்கொண்டுதான் இருக்கும், எதிர்காலக் கிளையண்ட் எதையாவது கூடுதலாக அனுப்பி அவற்றைச் சுழலில் தள்ளிவிடக் கூடாது. அதனால் திருத்திய சர்வரிலும் கூடுதல் தகவல் வந்தால் கோரிக்கையையே மறுத்துவிடும்படி ஒரு தடை போட்டார்கள். ஆக அந்தக் கதவு இரண்டு விதமாகவும் மூடிவிட்டது: பழைய சர்வர் சுழலும், புது சர்வர் மறுக்கும்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2017 வாக்கில், புரோட்டோகாலின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவர வேண்டியபோது இந்தக் கதவுதான் குறுக்கே நின்றது. "எனக்கு இரண்டாம் பதிப்பு தெரியும்" என்று கிளையண்ட் முதல் கோரிக்கையிலேயே சொல்லியாக வேண்டும், சொல்ல இடமில்லை. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஹோஸ்ட் பெயருக்குப் பின்னால் உள்ள பூஜ்ய பைட்டுக்கு அடுத்து இன்னொரு பூஜ்ய பைட் வைத்து, அதற்குப் பின்னால் வெர்ஷனை எழுதினார்கள். அடுத்தடுத்து இரண்டு பூஜ்யம் வந்தால் பழைய சர்வர்கள், 2006 பிழையோடு இருப்பவையும் சரி, 2009 தடையோடு இருப்பவையும் சரி, அத்தோடு படிப்பதை நிறுத்திவிடும். முதல் ஒளிவிடம் பூஜ்ய பைட், இரண்டாவது ஒளிவிடம் இரண்டாவது பூஜ்ய பைட். மூன்றே ஆண்டுகள் உயிரோடு இருந்த ஒரு பிழை, திருத்திய பிறகும் புரோட்டோகாலின் வடிவத்திலேயே நிரந்தரமாகப் பதிந்துபோய்விட்டது. வெளியே போய்விட்ட மென்பொருளை நீங்கள் திருத்த முடியாது, சுற்றிக்கொண்டுதான் போக முடியும்.

இந்த இரண்டாம் பதிப்பு 2018 ஜூனில் கிட் 2.18 வெளியானபோது வந்தது. முக்கியமான லாபம், சர்வர் எடுத்த எடுப்பில் எல்லா பிராஞ்ச்களையும் ஒப்பிக்காது. கிளையண்ட் தனக்கு வேண்டியதன் முன்னொட்டைச் சொல்லி அதை மட்டும் கேட்கும். லட்சக்கணக்கில் ரெஃப் (பிராஞ்ச், டேக் பெயர்கள்) உள்ள ரெப்போக்களில் இது பெரிய வித்தியாசம், உங்கள் அளவில் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். 2020 மார்ச்சில் 2.26 வந்தபோது இதை இயல்புநிலை ஆக்கினார்கள், சில கரடுமுரடுகள் தெரியவந்ததும் ஜூனில் 2.27 வந்தபோது பழையபடி மாற்றினார்கள், சரிசெய்து ஜூலையில் 2.28 வந்தபோது மறுபடி இயல்புநிலை ஆக்கினார்கள். இந்த நான்கு மாதத்தில் முன்னும் பின்னும் போனபோதுகூட வெர்ஷன் பொருந்தவில்லை என்று யாருடைய சர்வரும் யாருடைய கிளையண்ட்டோடும் பேச மறுக்கவில்லை. தெரியாத சர்வர் பழைய பதிப்பில் பதில் சொல்லும், கிளையண்ட் அதை ஏற்றுக்கொண்டு தொடரும்.

நடைமுறையில் ஒன்று கவனியுங்கள். எஸ்எஸ்ஹெச் வழியாக வரும்போது இந்த வெர்ஷன் தகவல் ஜிஐடி_புரோட்டோகால் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் வருகிறது. சர்வரின் எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிகில் அக்செப்ட்என்வ் வரியில் அந்தப் பெயரைச் சேர்க்காவிட்டால் எஸ்எஸ்ஹெச் அதை அமைதியாகக் கீழே போட்டுவிடும், எல்லாம் வேலை செய்யும், ஆனால் பழைய பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். புது சர்வர் வைத்து ஓர் ஆண்டாகியும் இதைக் கவனிக்காதவர்களைப் பார்த்திருக்கிறேன். பழையதும் ஓடுவதால்தான் புதியது ஓடவில்லை என்று தெரியாமலே போகிறது.

அடுத்தது வாக்குறுதி. இதுதான் உங்கள் கேள்வியின் உள்ளே உண்மையில் இருக்கும் விஷயம் என்று நினைக்கிறேன். எதிர்ப்பக்கத்துக்கு ஒரு வசதி தெரியாதபோது கிளையண்ட் என்ன செய்ய வேண்டும்? இன்றைய புது கிளையண்ட்டை உங்கள் 1.8.3.1 சர்வரிடம் விட்டுப் பாருங்கள். ஃபில்டர் போட்டு பார்ஷியல் கிளோன் (ரெப்போவின் ஒரு பகுதி மட்டும்) கேளுங்கள், "சர்வருக்கு ஃபில்டர் புரியவில்லை, விட்டுவிடுகிறேன்" என்று ஓர் எச்சரிக்கை காட்டிவிட்டு முழு ரெப்போவையும் இறக்கும். அட்டாமிக் என்று சொல்லி மூன்று பிராஞ்ச்களை ஒன்றாகப் புஷ் செய்யுங்கள், அந்த இடத்திலேயே நிறுத்திவிடும், ஒரு பிராஞ்ச்கூடப் போகாது. இரண்டும் "சர்வருக்குத் தெரியாது" என்ற ஒரே நிலைதான், ஆனால் நடத்தை நேர்மாறு. முதலாவதில் நீங்கள் கேட்டதைவிட அதிகம் கிடைக்கிறது, நேரமும் நெட்டும்தான் நஷ்டம். இரண்டாவதில் "மூன்றும் போகட்டும், இல்லாவிட்டால் ஒன்றும் போக வேண்டாம்" என்று கேட்டிருக்கிறீர்கள், அதை எதிர்ப்பக்கம் காப்பாற்ற முடியாது என்று தெரிந்தும் புஷ் செய்தால் அது பொய். புஷ் ஆப்ஷனும் (புஷ்ஷோடு சர்வருக்கு அனுப்பும் கூடுதல் குறிப்பு) அப்படித்தான், சர்வர் புரிந்துகொள்ளாது என்றால் கிளையண்ட் நின்றுவிடும். வேகம் குறைந்தால் தொடரலாம், வாக்குறுதி குறைந்தால் நிற்க வேண்டும். நீங்கள் சொந்தமாக டூல் எழுதினாலும் இந்தக் கோட்டை அழித்துவிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

சப்வெர்ஷனுக்கு வருவோம். 2004 பிப்ரவரியில் 1.0 வந்ததிலிருந்து அவர்களின் வாக்கு ஒன்றுதான்: எந்த 1.x கிளையண்ட்டும் எந்த 1.x சர்வரோடும் பேசும், புது வசதிகள் சில மட்டும் இரண்டு பக்கமும் புதுசாக இருந்தால்தான் கிடைக்கும். இதை அவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். எஸ்விஎன்சர்வ் (சப்வெர்ஷனின் சொந்த சர்வர் நிரல்) ஓடும் சர்வரில் 3690 போர்ட்டுக்கு டெல்நெட் போட்டுப் பாருங்கள், அடைப்புக்குறிகளுக்குள் சக்சஸ், 2, 2 என்று ஆரம்பித்து ஒரு வணக்கம் வரும். குறைந்தபட்ச வெர்ஷன் 2, அதிகபட்ச வெர்ஷன் 2 என்று அர்த்தம். அதற்குப் பின்னால் தெரிந்த வசதிகளின் பட்டியல். எண் அப்படியே இருக்கிறது, பட்டியல்தான் ஒவ்வொரு ரிலீஸிலும் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. அப்பாச்சி வழியாகப் போனால் இதே பட்டியல் யூஆர்எல் வடிவில் ஹெடரில் வரும், அந்த யூஆர்எல்களில் சப்வெர்ஷனின் பழைய வீடான டிக்ரிஸ் தளத்தின் பெயர் இருக்கும். அந்தத் தளம் 2020இல் மூடப்பட்டுவிட்டது. பெயரை மாற்ற முடியாது, மாற்றினால் பழைய கிளையண்ட்டுக்கு அது வேறு வசதி. வீடு போய்விட்டது, முகவரி மட்டும் ஒவ்வொரு கோரிக்கையிலும் போய்வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் பேச்சு ஒத்துப்போனாலும் வாக்குறுதி உடைய முடியும் என்பதற்கு நல்ல உதாரணமும் சப்வெர்ஷனிலேயே இருக்கிறது. 2008 ஜூனில் 1.5 வந்தபோது மெர்ஜ் டிராக்கிங் வந்தது. எந்த ரிவிஷன் எந்த பிராஞ்ச்சுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது என்பதை மெர்ஜ்இன்ஃபோ என்ற ப்ராப்பர்ட்டியில் கிளையண்ட் எழுதிவைக்கும். இதை எழுதுவது கிளையண்ட்டின் வேலை என்பதுதான் சிக்கல். 1.4 கிளையண்ட் வைத்திருப்பவர் மெர்ஜ் செய்து கமிட் போட்டால் கமிட் அழகாகப் போகும், எந்தப் பிழையும் வராது, ஆனால் குறிப்பு எழுதப்பட்டிருக்காது. அடுத்து 1.5 வைத்திருப்பவர் அதே ரிவிஷனை மறுபடி மெர்ஜ் செய்வார், தேவையில்லாத கான்ஃப்ளிக்ட்டில் மாட்டுவார், காரணம் புரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வார். இதற்காகவே 1.5இல் ஸ்டார்ட்-கமிட் ஹூக்குக்கு (கமிட் தொடங்கும்போது சர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட்) கூடுதலாக ஒரு தகவல் கொடுத்தார்கள்: கிளையண்ட் தனக்குத் தெரியும் என்று சொல்லும் வசதிகளின் பட்டியல். அதில் மெர்ஜ்இன்ஃபோ இல்லையென்றால் கமிட்டை மறுக்க சர்வர் பார்ப்பவர் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதலாம். இது கிளையண்ட் தானே சொல்வது, பாதுகாப்புக்கு நம்பாதீர்கள் என்றும் அந்த ஹூக்கின் மாதிரிக் கோப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பைப் படித்தபோது எழுதியவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

இனி டிஸ்க். நான் அதிகம் அடிபட்டது இங்கேதான். 2009இல் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் டெஸ்டிங்குக்கு ஒரு பொது ஒர்க்கிங் காப்பி (ரெப்போவிலிருந்து இறக்கி வேலை செய்யும் ஃபோல்டர்) நெட்வொர்க் டிரைவில் இருந்தது. விண்டோஸிலிருந்து டார்டாய்ஸ் என்ற சப்வெர்ஷன் கிளையண்ட் வைத்துத் திறப்பார்கள், ராத்திரி லினக்ஸ் மெஷின் ஒன்று அதே ஃபோல்டரில் போய் அப்டேட் போட்டு பில்டு செய்யும். ஒரு நாள் சாயங்காலம் ஒருவர் டார்டாய்ஸை 1.6க்கு மாற்றினார், அந்த ஃபோல்டரில் ஒரு அப்டேட் போட்டார், வீட்டுக்குப் போய்விட்டார். ராத்திரி பில்டு விழுந்தது. லாக்கில், இந்த ஒர்க்கிங் காப்பிக்கு உன் கிளையண்ட் மிகப் பழசு என்று ஒரு வரி. சர்வரை யாரும் தொடவில்லை, லினக்ஸ் மெஷினையும் யாரும் தொடவில்லை. மறுநாள் மதியம் வரை சர்வர் லாகையே புரட்டிக்கொண்டிருந்தோம், ஏனென்றால் "வெர்ஷன் பிரச்சினை என்றால் கிளையண்ட்டுக்கும் சர்வருக்கும் நடுவில்தான் இருக்கும்" என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தோம். நடந்தது கிளையண்ட்டுக்கும் கிளையண்ட்டுக்கும் நடுவில். அந்தக் காலத்தில் புது கிளையண்ட் ஒர்க்கிங் காப்பியைத் தொட்டவுடன் கேட்காமல் புது ஃபார்மேட்டுக்கு மாற்றிவிடும், 9 என்ற எண் 10 ஆகிவிடும், பழைய கிளையண்ட் அதன் பிறகு உள்ளே வர முடியாது. அன்றைக்கு யாரும் தப்பு செய்யவில்லை. மாற்றுவதற்கு முன் கேட்டிருந்தால் போதும்.

2011 அக்டோபரில் வந்த 1.7இல் இதைச் சரிசெய்தார்கள். ஒவ்வொரு ஃபோல்டரிலும் இருந்த .எஸ்விஎன் போய், மேலே ஒரே இடத்தில் எஸ்க்யூலைட் தரவுத்தளமாக மாறியது. மாற்றம் பெரியது என்பதால் இனி தானாக மாற்றாது, எஸ்விஎன் அப்கிரேட் என்று நீங்களே சொன்னால்தான் மாற்றும், அதுவரை இந்த ஒர்க்கிங் காப்பி பழசு என்று சொல்லி நிற்கும். அப்போது பலர் இதைத் தொந்தரவு என்று திட்டினார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

சர்வர் பக்க டிஸ்க்கிலும் இதே கதைதான், உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது இது. புது சப்வெர்ஷன் சர்வர் உங்கள் 1.7 ரெப்போவை அப்படியே திறக்கும், எதையும் மாற்றாது. எஸ்விஎன்அட்மின் அப்கிரேட் போட்டால், அல்லது புதுசாக ரெப்போ உருவாக்கினால்தான் ஃபார்மேட் எண் ஏறும்: 1.6, 1.7 காலத்தில் 4, 1.8இல் 6, 1.9இல் 7, 1.10இல் 8. ஏறிய பிறகு நெட்வொர்க்கில் வரும் பழைய கிளையண்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, அது ஃபார்மேட்டைப் பார்ப்பதே இல்லை. அடிபடுவது டிஸ்க்கை நேராகத் தொடுகிறவர்கள்: ஹூக்கில் ஓடும் எஸ்விஎன்லுக், பேக்கப் ஸ்கிரிப்ட், ரெப்போ உலாவி, எல்லாவற்றுக்கும் மேலாக ஃபைல் யூஆர்எல் வைத்து நெட்வொர்க் டிரைவ் வழியாக ரெப்போவைத் திறக்கும் யாரோ ஒருவர். ஃபைல் யூஆர்எல்லில் சர்வர் என்று ஒன்று கிடையாது, அந்த ஆளின் லேப்டாப்பில் உள்ள நூலகமே சர்வர். அங்கே 1.7 இருந்தால் "1 முதல் 4 வரை எதிர்பார்த்தேன், 6 இருக்கிறது" என்று சொல்லி நின்றுவிடும். அதனால் மென்பொருளை முதலில் மாற்றுங்கள், ஃபார்மேட்டைத் தொடாதீர்கள். பழையபடி திரும்ப வேண்டி வந்தால் திரும்ப முடியும். புது ரெப்போ உருவாக்கும்போது கம்பேட்டிபிள்-வெர்ஷன் ஆப்ஷனில் 1.7 என்று கொடுத்தால் பழைய ஃபார்மேட்டிலேயே கிடைக்கும்.

கிட்டில் டிஸ்க் விஷயம் இன்னும் நிதானமானது. ரெப்போவின் கான்ஃபிகில் ரெப்போசிட்டரி ஃபார்மேட் வெர்ஷன் 0 என்று இருக்கும், இன்றும் பெரும்பாலும் அதுதான். கமிட்-கிராஃப் போன்ற புது கோப்புகளைப் பழைய கிட் கண்டுகொள்ளாமல் போகும், அவை வேகத்துக்கு மட்டும்தானே. பொருளே மாறும் இடங்களில் மட்டும் எண் 1 ஆகி, எக்ஸ்டென்ஷன் பெயரும் சேரும், அதைப் பார்த்ததும் பழைய கிட் உள்ளே வராமல் நின்றுவிடும். ரெஃப்களைச் சேமிக்கும் புது முறையாக 2.45இல் வந்த ரெஃப்டேபிளும், புது ஹாஷ் முறையாக 2.29இல் வந்த எஸ்ஹெச்ஏ-256ம் இந்த வகை. எஸ்ஹெச்ஏ-256ஐ மட்டும் ஆசைப்பட்டு இப்போது தொடாதீர்கள், இன்றைய நிலையில் அந்த ரெப்போவும் எஸ்ஹெச்ஏ-1 ரெப்போவும் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஃபெட்ச், புஷ் செய்ய முடியாது. உங்கள் பில்டு மெஷின்களுக்கு அது மூடிய கதவு.

அப்புறம், உங்கள் விஷயத்தில் உண்மையில் உடையப்போவது எது என்று கேட்டால், என் கணிப்பு: கிட்டும் இல்லை, சப்வெர்ஷனும் இல்லை, அவற்றுக்குக் கீழே இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்ஹெச்சும் டிஎல்எஸ்ஸும். ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.8, 2021 செப்டம்பரில் வந்தது, எஸ்ஹெச்ஏ-1 வைத்துக் கையெழுத்திடும் பழைய ஆர்எஸ்ஏ முறையை இயல்புநிலையில் நிறுத்திவிட்டது. புது முறை 7.2இல்தான் வந்தது. அதற்கு முந்தைய எஸ்எஸ்ஹெச் உள்ள பில்டு மெஷின் தன் ஆர்எஸ்ஏ சாவியோடு புது சர்வரிடம் போனால் வாசலிலேயே நிற்கும். ஹெச்டிடிபிஎஸ் என்றால், பழைய நூலகத்துக்கு டிஎல்எஸ் 1.2 தெரியாவிட்டால் அங்கேயும் அதே கதை. கொடுமை என்னவென்றால், திரையில் கடைசியாக வரும் வரி கிட் எழுதியது, ரிமோட் ரெப்போவைப் படிக்க முடியவில்லை என்று. எல்லாரும் அதைத்தான் தேடுகிறார்கள், கிட்டைத்தான் குறை சொல்கிறார்கள். உண்மைக் காரணம் அதற்கு மேல் உள்ள ஒரு வரியில் இருக்கும், அதை எழுதியது எஸ்எஸ்ஹெச். எப்போதும் மேல் வரியைப் படியுங்கள்.

இன்னொரு வகை உடைப்பு வேண்டுமென்றே செய்வது. 2022 ஏப்ரலில் வந்த கிட் 2.35.2, ரெப்போ ஃபோல்டரின் உரிமையாளர் வேறு யூசராக இருந்தால் வேலை செய்ய மறுத்தது. பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தம் அது. வெப் சர்வர் ஒரு யூசரிலும் ரெப்போ வேறு யூசரிலும் இருக்கும் அமைப்புகளில் பல ஸ்கிரிப்ட்கள் அன்று விழுந்தன. பழையதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் கிட் குழுவினர் எவ்வளவு கவனமானவர்கள் என்று மேலே பார்த்தோம், அவர்களே உடைக்கத் துணிந்தார்கள் என்றால் காரணம் அவ்வளவு பெரியது. சர்வரை மாற்றும்போது உங்கள் ஸ்கிரிப்ட்கள் எந்த யூசரில் ஓடுகின்றன என்று பார்த்து, தேவையான இடத்தில் சேஃப்.டைரக்டரி (இந்த ஃபோல்டரை நம்பலாம் என்று கிட்டுக்குச் சொல்லும் அமைப்பு) சேருங்கள். எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போட்டு மொத்தமாகத் திறந்துவிடாதீர்கள்.

ஆக வரிசை இப்படி வையுங்கள். சர்வரை முதலில் மாற்றுங்கள், கிளையண்ட்கள் தங்கள் நேரத்தில் வரட்டும். மாற்றுவதற்கு முன் அந்தப் பழைய பில்டு மெஷினில் இருக்கும் அதே கிட், அதே எஸ்எஸ்ஹெச், அதே சப்வெர்ஷனோடு ஒரு கன்டெய்னர் தயார் செய்து, புது சர்வரின் சோதனைப் பதிப்பிடம் கிளோன், ஃபெட்ச், பிராஞ்ச் புஷ், டேக் புஷ், பிராஞ்ச் நீக்கம் எல்லாம் செய்து பாருங்கள். கிட்டின் சொந்த டெஸ்ட்களிலேயே இன்டர்ஆப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, இரண்டு வெவ்வேறு கிட் வெர்ஷன்களை எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிட்டுப் பார்க்கும், அதன் சின்ன வடிவம்தான் இது. சப்வெர்ஷனில் செக்அவுட், கமிட், ஒரு மெர்ஜ், பிறகு ஹூக்குகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். எஸ்எஸ்ஹெச் தடுத்தால் சர்வரில் பழைய முறையை எல்லாருக்கும் திறக்காமல் மேட்ச் பிளாக் போட்டு அந்த இரண்டு மெஷின்களின் ஐபிக்கு மட்டும் திறங்கள், எந்தத் தேதியில் மூடப்போகிறீர்கள் என்று பக்கத்திலேயே கமென்ட்டாக எழுதிவையுங்கள். எஸ்விஎன்அட்மின் அப்கிரேடை அந்த இரண்டு மெஷின்களும் போன பிறகு, பேக்கப் ஸ்கிரிப்ட் எந்த வெர்ஷனில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, கடைசியாகப் போடுங்கள்.

முதல் வேலையாக, யாராவது ஃபைல் யூஆர்எல்லில் ரெப்போவைத் திறக்கிறார்களா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள். சர்வர் லாகில் அவர்கள் பெயர் இருக்காது.